நிறம் பார்த்து வண்டியை நிறுத்துவதைத் தடுக்க மாநிலச் சட்டம்: உண்மையில் எதுவும் மாறுமா?

ஆற்றோரம் கேட்டது:

எங்கள் மாநிலச் சட்டமன்றத்தில் இந்தக் கூட்டத்தொடரில் ஒரு மசோதா வந்திருக்கிறது. இனம், நிறம், மதம் பார்த்து போலீஸ் யாரையும் நிறுத்தக் கூடாது, சோதனை போடக் கூடாது, இதுதான் சாரம். கமிட்டி விசாரணையில் பொதுமக்களும் பேசலாம், ஆளுக்கு இரண்டு நிமிடம். தமிழ்ச் சங்கத்திலிருந்து யாராவது போனால் நன்றாயிருக்கும் என்று பேச்சு வந்தது, கடைசியில் அது என் தலையில் விழுந்துவிட்டது.

மசோதாவைப் படித்துப் பார்த்தேன். எனக்குப் புரியாதது இதுதான்: அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்தில் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று ஏற்கெனவே இருக்கிறதே, அப்புறம் மாநிலம் தனியாக ஒரு சட்டம் போட்டு என்ன ஆகப்போகிறது? சங்கத்தில் ஒருவர், "கூடாது என்று எழுதிவிட்டால் கேட்டுவிடுவார்களா, நிறத்துக்காக நிறுத்தினேன் என்று எந்தப் போலீஸ்காரர் சொல்வார், டெயில் லைட் எரியவில்லை என்பார்" என்கிறார். இன்னொருவர் இது கறுப்பினத்தவர் பிரச்சினை, நாம் ஏன் நடுவில் போக வேண்டும் என்கிறார் (அவர் இருட்டினால் வண்டியே எடுக்க மாட்டார், அது வேறு விஷயம்).

எந்தெந்த மாநிலங்களில் இப்படிச் சட்டம் இருக்கிறது, வந்த பிறகு ஏதாவது மாறியதா, மசோதாவில் நான் எந்தப் பகுதியை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_வக்கீல்:

உங்கள் சங்கத்து டெயில் லைட்காரர் சரியான இடத்தில்தான் கைவைத்திருக்கிறார், அவரை விட்டுவிடாதீர்கள்.

1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ரென் தீர்ப்பைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். வாஷிங்டன் நகரத்தில் மஃப்டியில் இருந்த போதைப்பொருள் தடுப்புப் போலீஸார், தற்காலிக நம்பர் பிளேட் போட்ட பாத்ஃபைண்டர் வண்டியில் இரண்டு கறுப்பின இளைஞர்களைப் பார்த்தார்கள். ஸ்டாப் சைனில் 20 வினாடிக்கு மேல் நின்றார்கள், அப்புறம் சிக்னல் போடாமல் திரும்பி வேகமாகப் போனார்கள், அவ்வளவுதான் காரணம். பிடித்தார்கள், உள்ளே போதைப்பொருள் இருந்தது. 'டிராஃபிக் விதியெல்லாம் சாக்கு, உண்மையான காரணம் எங்கள் நிறம்' என்று வாதிட்டார்கள். ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது: விதிமீறல் ஒன்று இருந்துவிட்டால் போதும், நியாயமில்லாமல் சோதனை போடுவதையும் பிடிப்பதையும் தடுக்கும் 4ஆவது திருத்தத்தைப் பொறுத்தவரை போலீஸ்காரர் மனசுக்குள் என்ன நினைத்தார் என்பது எங்களுக்கு வேண்டாம், நிறப் பாகுபாடு என்றால் 14ஆவது திருத்தத்தின் கீழ் வழக்குப் போடுங்கள்.

சரி, அங்கே போனால்? பாகுபாடு காட்டும் எண்ணம் இருந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதே 1996இல் ஆம்ஸ்ட்ராங் வழக்கில், உங்களைப் போலவே நடந்துகொண்ட வேறு இனத்தவரை விட்டுவிட்டார்கள் என்று முதலில் காட்டினால்தான் அரசுத் தரப்பு ஆவணங்களைக் கேட்கவே முடியும் என்று சொல்லிவிட்டார்கள். அது குற்றம் சாட்டுவது பற்றிய வழக்கு என்றாலும், ரோட்டில் நிறுத்துகிற விஷயத்திலும் சில நீதிமன்றங்கள் அதே அளவுகோலைப் பிடித்துக்கொண்டன. நிறுத்தப்படாமல் போன வண்டியை எங்கே போய்த் தேடுவது? எந்தக் காரையும் பத்து நிமிடம் பின்தொடர்ந்தால் ஏதாவது ஒரு விதிமீறல் கிடைத்துவிடும் என்பது டிராஃபிக்கில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். மத்திய அளவில் இதைச் சரிசெய்ய ஒரு மசோதா 2001இல் இருந்து திரும்பத் திரும்ப வருகிறது, ஒரு தடவைகூடச் சட்டமாகவில்லை. மாநிலச் சட்டத்துக்கான தேவை இந்த ஓட்டையில்தான் வருகிறது.

மசோதாவில் முதலில் பார்க்க வேண்டியது வரையறை. இனம் 'மட்டுமே' காரணமாக இருந்தால்தான் தவறு என்று இருந்தால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை, ஏனென்றால் இனம் மட்டுமே காரணம் என்று சொல்கிற மாதிரி யாரும் யாரையும் நிறுத்துவதில்லை, கூடவே ஒரு டெயில் லைட் இருக்கும். கேன்சஸில் 2005இல் போட்ட சட்டம் அப்படித்தான் இருந்தது, 2011இல் மாற்றினார்கள். கலிஃபோர்னியாவில் சிறிதளவுகூட இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று இருக்கிறது, குறிப்பிட்ட ஒரு குற்றவாளியின் அடையாளம் கையில் இருந்தால் மட்டும் விலக்கு. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அடுத்து, மீறினால் என்ன? பயிற்சி கொடுக்கப்படும், கொள்கை வகுக்கப்படும் என்று நின்றுவிட்டால் அதோடு கதை முடிந்தது. பாதிக்கப்பட்டவர் மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியுமா, கிடைத்த சாட்சியத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்று பாருங்கள். கொலராடோ 2020 சட்டத்தில், நல்லெண்ணத்தோடு நடக்கவில்லை என்று தெரிந்தால் அந்த அதிகாரியே இழப்பீட்டில் 5 சதவீதம் அல்லது 25,000 டாலர், எது குறைவோ அதைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். தொகை பெரிதில்லை, ஆனால் தன் பாக்கெட் என்றால் மனிதன் கொஞ்சம் யோசிப்பான்.

மூன்றாவது, சம்மதச் சோதனை. 'டிக்கியைத் திறந்து பார்க்கலாமா சார்' என்று கேட்பார்கள். மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அதைப் போலீஸ்காரர் உங்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் மத்திய சட்டத்தில் இல்லை, 1973 தீர்ப்பு அது. நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 2002இலும், ரோட் ஐலண்ட் சட்டமன்றம் 2004இலும், நியாயமான சந்தேகம் இல்லாமல் வண்டியில் இந்தக் கேள்வியையே கேட்கக் கூடாது என்று கொண்டுவந்தன.

எண்கணக்கன்:

வக்கீல் சார் விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். புள்ளிவிவரம்தான் என் பிழைப்பு, அதனால் தரவுப் பகுதியைப் பற்றி மட்டும்.

முதன்முதலில் டிராஃபிக் ஸ்டாப் (ரோட்டில் வண்டியை நிறுத்துவது) பற்றிய தரவைக் கட்டாயமாக்கிய மாநிலம் வட கரோலினா, 1999. அப்புறம் வரிசையாக மிசௌரி, டெக்ஸாஸ் எல்லாம் வந்தன. இல்லினாய் சட்டம் 2003இல் வந்தது, அதைக் கொண்டுவந்தவர் அப்போது மாநில செனட்டராக இருந்த ஒபாமா. ஆனால் தரவு சேகரிக்கிறோம் என்று சொல்வதும் உருப்படியாகச் சேகரிப்பதும் ஒன்றில்லை.

டெக்ஸாஸ் கதையைக் கேளுங்கள். மாநில ட்ரூப்பர்கள் (நெடுஞ்சாலைப் போலீஸார்) ஹிஸ்பானிக் ஓட்டுநர்களை 'வெள்ளை' என்று பதிவு செய்துகொண்டிருந்தது 2015இல் ஒரு தொலைக்காட்சிச் செய்தியால் வெளிவந்தது. டிக்கெட்டில் இருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்தாலே தெரிகிற விஷயம். அதற்குப் பிறகுதான், இனிமேல் ஓட்டுநரிடமே இனத்தைக் கேட்டு எழுதுங்கள் என்று உத்தரவு போட்டார்கள். கலிஃபோர்னியா இதற்கு நேர் எதிர். 2015இல் வந்த அவர்கள் சட்டத்தின்படி அதிகாரி உங்களிடம் கேட்கவே கூடாது, தன் கண்ணுக்கு நீங்கள் எந்த இனமாகத் தெரிந்தீர்கள் என்பதைத்தான் எழுத வேண்டும். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது, ஏனென்றால் நாம் அளக்க நினைப்பது போலீஸ்காரரின் பார்வையைத்தான், உங்கள் பிறப்புச் சான்றிதழை இல்லை.

நம்மவர்களுக்கு இதில் ஒரு சுவாரசியம் உண்டு. கலிஃபோர்னியா படிவத்தில் 'ஆசியர்' ஒரு கட்டம், 'மத்திய கிழக்கு அல்லது தெற்காசியர்' தனியாக ஒரு கட்டம். நாமும் அரபியரும் ஈரானியரும் ஒரே கட்டத்தில். ரோட்டில் டார்ச் அடித்துப் பார்க்கிறவருக்கு அப்படித்தான் தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் சரியாகப் பேசவில்லை என்று அதிகாரிக்குத் தோன்றியதா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்களுக்காக இது முக்கியம். எங்கள் மாநிலப் படிவத்தில் நாமெல்லாம் 'ஆசியர் மற்றும் பசிபிக் தீவினர்' என்ற மூட்டைக்குள் கட்டப்பட்டிருக்கிறோம், அதிலிருந்து தெற்காசியர்களைப் பற்றி ஒன்றையும் பிரித்தெடுக்க முடியாது. உங்கள் மசோதாவில் கட்டங்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள், அதைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்களா, பின்னால் ஏதோ ஒரு துறை முடிவு செய்யுமா என்பதையும்.

தரவு வந்த பிறகு இன்னொரு சண்டை வரும். ஊரில் கறுப்பினத்தவர் இத்தனை சதவீதம், நிறுத்தப்பட்டவர்களில் இத்தனை சதவீதம் என்று ஒப்பிட்டால் போலீஸ் தரப்பு உடனே, ரோட்டில் ஓடுகிறவர்கள் வேறு, ஊரில் குடியிருப்பவர்கள் வேறு என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அதற்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, மாலை நேரத்தை எடுத்துக்கொள்வது. ஒரே மணி நேரம், உதாரணமாக ஏழு மணி, கோடையில் வெளிச்சமாகவும் குளிர்காலத்தில் இருட்டாகவும் இருக்கும். இருட்டில் ஓட்டுநரின் நிறம் தெரியாது. வெளிச்சத்தில் மட்டும் கறுப்பினத்தவரின் பங்கு கூடினால் அங்கே ஏதோ இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 10 கோடி ஸ்டாப்களை எடுத்து 2020இல் வெளியிட்ட ஆய்வில் இதே முறையில் பார்த்தார்கள், இருட்டிய பிறகு கறுப்பினத்தவரின் பங்கு குறைந்தது.

இன்னொன்று, சோதனை போட்டதில் எத்தனை தடவை ஏதாவது கிடைத்தது என்பது. ஒரு பிரிவினரைச் சோதனை போட்டால் அடிக்கடி வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்றால், அவர்களைச் சோதனை போட குறைந்த சந்தேகமே போதும் என்று நடந்துகொள்கிறார்கள் என்று அர்த்தம். அதனால் படிவத்தில் 'சோதனை நடந்ததா' என்று மட்டும் இருந்தால் போதாது. எந்த அடிப்படையில், என்ன கிடைத்தது, எத்தனை நிமிடம் நிறுத்திவைத்தார்கள், டிக்கெட்டா எச்சரிக்கையா, எல்லாம் வேண்டும்.

தணிக்கையும் வேண்டும். கனெடிகட் சட்டம் 1999இல் வந்தது, அங்கே தரவை அலசுவதற்கென்றே பல்கலைக்கழகத்தில் தனிக் குழு இருக்கிறது. அந்தக் குழுதான் 2023இல், மாநிலப் போலீஸ் பதிவு செய்த டிக்கெட்டுகளில் 25,000க்கும் மேலானவை நீதிமன்றப் பதிவோடு பொருந்தவில்லை என்று கண்டுபிடித்தது. கொடுக்காத டிக்கெட்டைக் கொடுத்ததாக எழுதியதாகச் சந்தேகம், அதில் வெள்ளையர் கணக்கு கூடுதலாகத் தெரிந்தது. பிறகு நடந்த தனி விசாரணையில் பெரும்பாலானவை வேண்டுமென்றே செய்தவை இல்லை, பதிவுக் கோளாறு என்றார்கள், சிலர் மீது சந்தேகம் நீடித்தது. எது எப்படியோ, இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு ஆள் இருந்ததால்தான் தெரிந்தது.

நைட்_ஷிஃப்ட்:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். என் மச்சான் இங்கே ஷெரிஃப் ஆபீஸில் டெபுடியாக இருக்கிறார், அவரோடு ஒரு ராத்திரி ரைட்-அலாங் (ரோந்து வண்டியில் கூடவே) போயிருக்கிறேன். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் லேப்டாப்பில் பக்கம் பக்கமாக நிரப்பச் சொன்னால் என்ன நடக்கும்? யாரையும் நிறுத்தவே மாட்டார்கள். ஒருவர் குடித்துவிட்டு ஓட்டிப் போனாலும் பரவாயில்லை, ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போவோம் என்றுதான் நினைப்பார்கள். அப்புறம் ராத்திரி ஒன்றரை மணிக்கு டின்ட் அடித்த கண்ணாடிக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று அந்த மனிதருக்கும் தெரியாது, அவருக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது. நிறவெறி பிடித்தவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்துப் பேரின் தவறுக்கு ஆயிரம் பேர் கையைக் கட்டிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மல்லிப்பந்தல்:

@நைட்_ஷிஃப்ட் அண்ணா, நீங்கள் சொல்வது நடந்து பார்த்த விஷயம். வட கரோலினாவில் ஃபாயெட்வில் நகரத்தில் 2013க்குப் பிறகு சில வருடம், அப்போதைய போலீஸ் தலைவர் ஹரால்ட் மெட்லாக், ஸ்பீடு, சிவப்பு விளக்கு, குடித்துவிட்டு ஓட்டுவது இவற்றைப் பிடியுங்கள், லைட், ஸ்டிக்கர் சமாசாரங்களுக்குப் பின்னால் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டார். பின்னால் ஆராய்ந்து பார்த்ததில் விபத்தில் காயம்பட்டவர்களும் இறந்தவர்களும் குறைந்திருந்தார்கள், நிறுத்தப்பட்டவர்களில் கறுப்பினத்தவரின் பங்கும் குறைந்தது, குற்றம் ஒன்றும் தலைகீழாகக் கூடிவிடவில்லை. குடித்தவனைப் பிடிக்க நேரம் கிடைப்பதே இந்தச் சில்லறைக் காரணங்களை விடுவதால்தான்.

இதைச் சட்டமாகவே செய்தது விர்ஜீனியா. 2020 சிறப்புக் கூட்டத்தொடரில் போட்டு 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. கண்ணாடி டின்ட், ரியர்வியூ மிரரில் தொங்கும் பொருள், காலாவதியாகிச் சில மாதங்களே ஆன ரெஜிஸ்ட்ரேஷன், கஞ்சா வாசனை, இவற்றுக்காக மட்டும் வண்டியை நிறுத்தக் கூடாது. (மிரரில் பிள்ளையார் மாலை தொங்கவிட்டிருக்கும் அத்தனை பேருக்கும் சமர்ப்பணம்.) எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த வரி: அப்படி நிறுத்திக் கிடைத்த சாட்சியம், ஓட்டுநர் சம்மதித்துத் திறந்து காட்டியிருந்தாலும்கூட, நீதிமன்றத்தில் செல்லாது. இதில் யாருடைய மனசுக்குள்ளும் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. பாகுபாடு காட்டாதே என்று சொல்வதைவிட, பாகுபாடு காட்ட வசதியாக இருக்கும் சாக்குகளைக் கையிலிருந்து வாங்கிவிடுவது மேல். ஆற்றோரம், உங்கள் மசோதாவில் இந்த மாதிரிப் பட்டியல் இல்லை என்றால் அதைத்தான் கேட்க வேண்டும் என்பேன்.

மாநிலம் எதிர்ப்பக்கமும் இழுக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டெனசியில் 2023 ஜனவரியில் டைரீ நிக்கல்ஸ் என்ற கறுப்பின இளைஞர் போலீஸ் அடித்து இறந்த பிறகு மெம்ஃபிஸ் நகர மன்றம் இதே போல் சின்னக் காரணங்களுக்கு நிறுத்துவதைத் தடுத்தது. 2024இல் மாநிலச் சட்டமன்றம் அந்த நகர விதியைச் செல்லாமல் ஆக்கிவிட்டது.

கறுப்பினத்தவர் பிரச்சினை, நமக்கென்ன என்றாராமே ஒருவர். 2015 பிப்ரவரியில் அலபாமாவில் மேடிசன் என்ற ஊரில் என்ன நடந்தது என்று அவரிடம் கேளுங்கள். குஜராத்திலிருந்து பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த 57 வயது மனிதர், காலையில் மகன் வீட்டுத் தெருவில் நடந்துகொண்டிருந்தார். ஒல்லியாக ஒரு கறுப்பு ஆள் திரிகிறான் என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் போன் போட்டார். வந்த போலீஸ் கேட்டது அவருக்குப் புரியவில்லை, கையைப் பின்னால் பிடித்துத் தரையில் அடித்துத் தள்ளியதில் முதுகெலும்பு போய்விட்டது. அந்த அதிகாரி மீது மத்திய நீதிமன்றத்தில் இரண்டு முறை வழக்கு நடந்து, ஜூரி இரண்டு முறையும் ஒரு முடிவுக்கு வரவில்லை, கடைசியில் நீதிபதி விடுவித்துவிட்டார். போன் போட்டவர் கண்ணுக்கு நம் நிறமும் அவர்கள் நிறமும் வேறு வேறாகத் தெரியவில்லை. இப்படிப் பொய்யாகவோ பாகுபாடாகவோ போலீஸைக் கூப்பிடுகிறவர் மீது வழக்குப் போட ஆரெகன் 2019இலும் நியூயார்க் 2020இலும் வழி செய்திருக்கின்றன, பெரும்பாலான மசோதாக்கள் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

நைட்_ஷிஃப்ட்:

விர்ஜீனியா மாதிரி என்றால் எனக்கும் ஆட்சேபம் இல்லை, மச்சானுக்கும் இருக்காது, அவருக்கே டின்ட் டிக்கெட் எழுதப் பிடிக்காது. படிவம்தான் என் கவலை.

எண்கணக்கன்:

கலிஃபோர்னியாவில் ஷிஃப்ட் முடிவதற்குள் நிரப்பினால் போதும், ரோட்டிலேயே நின்று எழுத வேண்டியதில்லை. பெரும்பாலும் கட்டத்தை டிக் செய்வதுதான். அதிகாரியின் அடையாளமும் பொதுவில் வராது.

ஆற்றோரம்:

எல்லோருக்கும் நன்றி. மறுபடியும் மசோதாவைத் திறந்து பார்த்தேன். வரையறை 'முழுமையாகவோ பகுதியாகவோ' என்று இருக்கிறது, அது பரவாயில்லை போல. தரவுப் பகுதி இருக்கிறது, தணிக்கை யார் செய்வது என்று ஒன்றும் இல்லை. காரணப் பட்டியல் இல்லை, சம்மதச் சோதனை பற்றி ஒரு வார்த்தை இல்லை. வழக்குப் போடும் உரிமை முதல் வரைவில் இருந்து திருத்தத்தில் எடுத்திருக்கிறார்கள். இரண்டே நிமிடத்தில் எதைக் கேட்பது? அப்புறம், இமிக்ரேஷன் அதிகாரிகளையும் இந்தச் சட்டம் கட்டுப்படுத்துமா என்று சங்கத்தில் எல்லோரும் கேட்கிறார்கள்.

பழைய_வக்கீல்:

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். கட்டுப்படுத்தாது. மத்திய அதிகாரிகள் மத்திய சட்டத்துக்குக் கீழே வருகிறார்கள், 2025 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் வழக்கில் இனம், மொழி, வேலை செய்யும் இடம் இவற்றை மட்டும் வைத்து நிறுத்தக் கூடாது என்ற கீழ் நீதிமன்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. உங்கள் ஊர்ப் போலீஸ் அவர்களோடு ஒப்பந்தம் போட்டு வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி, அந்த நேரத்தில் மாநில விதி அவர்களுக்கு உண்டா என்பதை மசோதாவில் தெளிவாக எழுதச் சொல்லலாம். சங்கத்தில் பொய் நம்பிக்கை கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டு நிமிடத்துக்கு: வழக்கு உரிமையை எடுத்தவர்கள் சும்மா எடுத்திருக்க மாட்டார்கள், பேரம் நடந்திருக்கும், அதைத் திரும்பக் கொண்டுவருவது கமிட்டியில் கஷ்டம். காரணப் பட்டியலைக் கேளுங்கள், விர்ஜீனியா சட்டத்தின் பெயரைச் சொல்லி, சாட்சியம் செல்லாது என்ற வரியோடு சேர்த்து. நேரம் மிஞ்சினால் தணிக்கை. உங்கள் பேச்சை எழுத்தில் இருபது பிரதி எடுத்துக் கிளார்க்கிடம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், பேசும்போது பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், காகிதம் மட்டும்தான் ஃபைலுக்குள் போகும்.

மல்லிப்பந்தல்:

தெற்காசியர் கட்டத்தையும் ஒரு வரி சேருங்கள், அதை வேறு யாரும் கேட்கப் போவதில்லை. நைட்_ஷிஃப்ட் அண்ணாவின் மச்சான் கூட வந்து பேசுவாரா?

நைட்_ஷிஃப்ட்:

யூனிஃபார்மோடு வர மாட்டார். எழுத்தில் கொடுப்பாரா என்று கேட்டுச் சொல்கிறேன்.